டிரையரின் பின்னால் போகும் குழாய்

கனடாவுக்கோ அமெரிக்காவின் வடபகுதிக்கோ குடிபோன நம் குடும்பங்கள் முதல் குளிர்காலத்திலேயே கொடிக்கயிற்றை மறந்துவிடுகின்றன. வெளியே மைனஸ் 15 டிகிரி. வீட்டுக்குள் கயிறு கட்டினால் சன்னலோரமெல்லாம் நீர் கோத்துப் பூசணம் பிடிக்கும். ஆகவே வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் டிரையர் ஒன்று வந்து நின்றுவிடும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்கும் வெந்நீருக்கும் தெருவிலிருந்து கேஸ் குழாய் ஏற்கெனவே வந்திருப்பதால், டிரையரையும் கேஸில் ஓடுவதாகவே வாங்கிவிடலாமா என்று பலர் யோசிக்கிறார்கள். துணி சீக்கிரம் காயும். பல ஊர்களில் மின்சாரத்தைவிட மாதச் செலவும் குறைவு.

கேஸ் என்றதும் நம் கண்முன் வருவது சிலிண்டரும் ரப்பர் ட்யூபும்தான். கசிந்தால் என்ன ஆகும், பற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று மனம் உடனே அங்கே ஓடுகிறது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அது பாதிப் பயம். மற்றப் பாதி பெட்டியின் பின்பக்கம், நாலங்குல விட்டமுள்ள ஒரு குழாயில் இருக்கிறது. டிரையர் வந்து இறங்கிய நாளுக்குப் பிறகு அந்தக் குழாயை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. அதைத்தான் நாம் இப்போது அவசரமில்லாமல் பார்க்கப்போகிறோம். தேநீரை ஊற்றிக்கொள்ளுங்கள்.

முதலில், துணி எப்படிக் காய்கிறது? ஐப்பசி அடைமழையில் வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப்போட்டதை நினைத்துக்கொள்வோம். கதவு சன்னலைச் சாத்திவிட்டு ஃபேனை முழு வேகத்தில் வைத்தாலும், மறுநாள் காலையில் துணி சில்லென்றுதான் இருக்கும். அறைக்குள் இருக்கும் காற்று தன்னால் முடிந்த அளவு ஈரத்தைக் குடித்துவிட்டது. அதற்குமேல் அது வாங்காது. சன்னலைத் திறந்து அந்தக் காற்றை வெளியேற்றி, வேறு காற்றை உள்ளே விட்டால்தான் துணி மேலும் காயும். டிரையர் செய்யும் வேலையும் இதுதான். அறைக் காற்றை இழுத்து, சூடாக்கி, சுழலும் டிரம்முக்குள் துணியின் ஊடே செலுத்தி, ஈரத்தோடு வெளியே தள்ளுகிறது.

அது இழுக்கும் காற்றின் அளவு கொஞ்சநஞ்சமல்ல. நிமிடத்துக்கு 100 முதல் 200 கன அடி வரை. நடுவில் 150 என்று வைத்துக்கொள்வோம். 10 அடிக்கு 12 அடி, 8 அடி உயரமுள்ள ஓர் அறையில் 960 கன அடிக் காற்று இருக்கிறது. முக்கால் மணி நேரம் ஓடும் டிரையர் அப்படிப்பட்ட ஏழு அறைகளின் காற்றை வெளியே கொட்டிவிடுகிறது. இந்தக் கணக்கு நமக்குப் பின்னாலும் உதவும்.

மின்சார டிரையரில் காற்றைச் சூடாக்குவது கம்பிச்சுருள். அதற்கு 240 வோல்ட் தனி இணைப்பு வேண்டும். கேஸ் டிரையரில் டிரம்மைச் சுழற்றவும் விசிறியை ஓட்டவும் மட்டும்தான் மின்சாரம். அதற்கு அங்கே வீட்டில் எல்லா இடத்திலும் இருக்கும் 120 வோல்ட் போதும். சூடு தருவது பெட்டியின் அடியில் ஒரு தகரக் குழலுக்குள் எரியும் பர்னர். மணிக்கு 20,000 பி.டி.யு-வை ஒட்டிய சூடு; வீட்டுச் சமையலடுப்பின் பர்னர்கள் இரண்டைச் சேர்த்து எரித்தால் வரும் அளவு. பழைய அடுப்புகளில் இருந்ததுபோல எந்நேரமும் எரியும் சிறு சுடர் இதில் கிடையாது. ஓடத் தொடங்கியதும் பர்னர் வாயில் ஒரு சிறு துண்டு முதலில் மங்கலாகச் சிவந்து, அரை நிமிடத்துக்குள் வெளிர் ஆரஞ்சாக ஒளிரும். அது போதுமான அளவு காய்ந்துவிட்டதைப் பக்கத்தில் இருக்கும் உணரி கண்டுகொண்ட பிறகுதான் வால்வு திறக்கும். ‘க்ளிக்’ என்று ஒரு சத்தம். உடனே நீலச் சுடர் ‘புஸ்’ஸென்று குழலுக்குள் நீளும். சுடர் பிடிக்கவில்லையென்றால் வால்வு மூடிக்கொள்ளும். மூடுவதும் திறப்பதுமாக ஒரு சுற்றுக்குள் இது பலமுறை நடக்கும்.

அந்தச் சுடரில் எரிந்த கேஸின் புகை எங்கே போகிறது? ஃபர்னஸுக்கும் வாட்டர் ஹீட்டருக்கும் தனிப் புகைபோக்கி உண்டு. டிரையருக்குக் கிடையாது. எரிந்த கேஸ் அறைக் காற்றோடு கலந்து, நேரே டிரம்முக்குள் போய், நம் சட்டைக்கும் வேட்டிக்கும் ஊடாகத்தான் வெளியேறுகிறது. ஆக, பின்பக்கக் குழாயில் மூன்று பொருள்கள் சேர்ந்து போகின்றன: துணியிலிருந்து வந்த நீராவி, துணியிலிருந்து உதிர்ந்த பஞ்சு, சுடரிலிருந்து வந்த எரிபுகை. சுடர் நன்றாக எரிந்தால் அந்தப் புகையில் பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியும்தான் இருக்கும். நன்றாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடும் சேரும்.

இந்த இடத்தில்தான் ஏறக்குறைய எல்லோரும் தவறுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள்கூடத் தவறுகிறார்கள். அந்தக் குழாயை ஆவி போகும் குழாய் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நினைத்தால் பிறகு எல்லாமே இயல்பாகத் தோன்றும். கொஞ்சம் பிரிந்திருந்தால் என்ன, கொஞ்சம் நசுங்கியிருந்தால் என்ன, வீட்டுக்குள்ளேயே ஆவி வந்தால்தான் என்ன? இன்னும் ஒரு படி மேலே போய், குளிர்காலத்தில் சிக்கன யோசனை ஒன்று வரும். வெளியே பனி கொட்டுகிறது. வீட்டுக் காற்றோ ஃபர்னஸ் ஓடி ஓடி வறண்டு, உதடு வெடிக்கிறது. இந்தப் பக்கம் டிரையர் நல்ல சூடான, ஈரமான காற்றைத் தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதை உள்ளே திருப்பிவிட்டால் சூடும் மிச்சம், ஈரப்பதமும் கிடைக்கும் அல்லவா?

இந்த யோசனைக்குத் தோதாகக் கடையில் பொருளும் விற்கிறது. தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் வாளி மாதிரி ஒன்று. குழாயை அதில் செருகினால் பஞ்சு தண்ணீரில் படிந்துவிடும், காற்று அறைக்குள் வந்துவிடும். மின்சார டிரையரில் மட்டும், அதுவும் தயாரிப்பாளர் சம்மதித்தால் மட்டும் அதைப் பயன்படுத்தலாம். கேஸ் டிரையரில் அதைப் பொருத்துவது, ஓடும் காரின் புகைக்குழாயைப் படுக்கையறைக்குள் நீட்டுவதுதான். வாளித் தண்ணீர் பஞ்சைப் பிடிக்கும். கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. வாங்கும் பெட்டியின் மேல் சிறிய எழுத்தில் “மின்சார டிரையருக்கு மட்டும்” என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். அந்த வரியைத் தேடிப் பார்க்க வேண்டும். முன்பு மின்சார டிரையர் வைத்திருந்து இப்போது கேஸுக்கு மாறும் வீடுகளில் பழைய வாளி சுவரோரம் அப்படியே கிடக்கும். முதல் வேலையாக அதைக் குப்பையில் போட்டுவிடலாம்.

மூக்கு காட்டிக்கொடுத்துவிடாதா என்று கேட்கலாம். காட்டிக்கொடுக்காது. குழாயில் வரும் இயற்கை எரிவாயுவுக்கு இயல்பில் மணமே கிடையாது. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் நியூ லண்டன் என்ற ஊரில், 1937 மார்ச் 18 அன்று, ஒரு பள்ளிக்கூடத்தின் தரைக்கடியில் யாருக்கும் தெரியாமல் கேஸ் நிறைந்து வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் கேஸில் அழுகிய முட்டை வாடையைச் சேர்க்க வேண்டும் என்று டெக்சஸ் சட்டம் போட்டது. மற்ற இடங்களுக்கும் அந்த வழக்கம் பரவியது. இன்று நம் மூக்கு கசிவைக் கண்டுபிடிப்பது அந்தப் பிள்ளைகளின் சாவுக்குப் பிறகு கிடைத்த காவல். ஆனால் அந்தக் காவல் பர்னர் வரைக்கும்தான். கேஸ் எரியும்போது அதில் சேர்த்த வாடையும் சேர்ந்து எரிந்துவிடுகிறது. பின்பக்கக் குழாயில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை, கண்ணைக் கரிப்பதும் இல்லை. வாஷிங் பவுடரின் நறுமணம் மட்டும்தான் வரும்.

கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் மூச்சு வழக்கம்போல வந்துகொண்டிருக்கும், உடம்புக்குப் போக வேண்டியது போகாது. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, ஒரே அசதி. ஃப்ளூ காய்ச்சல் என்றுதான் தோன்றும், ஆனால் உடம்பு சுடாது. வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருவதும், வெளியே போனால் சரியாகி வீட்டுக்கு வந்தால் திரும்புவதும் இதற்கே உரிய அடையாளங்கள்.

இனிக் குழாயை எப்படிப் போட வேண்டும் என்று பார்க்கலாம். விட்டம் 4 அங்குலம். உள்பக்கம் வழவழப்பான, உறுதியான உலோகக் குழாய். துத்தநாகம் பூசிய இரும்போ அலுமினியமோ. வெள்ளை பிளாஸ்டிக் சுருள் குழாய் கூடவே கூடாது. அது சூட்டில் இளகும், தீப்பிடிக்கும், அதன் மடிப்பு ஒவ்வொன்றும் பஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுவருக்குள்ளோ கூரைக்குள்ளோ மறையும் பகுதி முழுவதும் உறுதியான உலோகமாகவே இருக்க வேண்டும். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சிறு துண்டுக்கு மட்டும் வளையக்கூடிய உலோகக் குழாயை அனுமதிக்கிறார்கள். அமெரிக்க விதிப்படி அது 8 அடிக்கு மேல் போகக்கூடாது, ஒரே துண்டாக இருக்க வேண்டும், சுவருக்குள் நுழையக்கூடாது.

குழாய் எவ்வளவு நீளம் போகலாம் என்பதில் பலர் கணக்கை விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவின் வீட்டுக் கட்டட விதிநூல் மொத்தம் 35 அடி என்று சொல்கிறது. அதிலும் சாதாரணமான 90 டிகிரி எல்போ ஒவ்வொன்றுக்கும் 5 அடி, 45 டிகிரிக்கு இரண்டரை அடி கழித்துக்கொள்ள வேண்டும். வளைவில் காற்று திணறுவதால் அந்தக் கழிவு. குறிப்பிட்ட மாடலின் கையேடு வேறு நீளம் சொன்னால் அதைப் பின்பற்றலாம். நியூ ஜெர்சியில் ஒரு பேஸ்மென்ட் வீட்டை எடுத்துக்கொள்வோம். டிரையர் நடுவில் இருக்கிறது. குழாய் 6 அடி மேலே ஏறி, ஒரு எல்போ திரும்பி, கூரையை ஒட்டி 20 அடி ஓடி, இன்னொரு எல்போ திரும்பி, 3 அடியில் வெளிச்சுவரைத் தொடுகிறது. நேர் நீளம் 29 அடிதான். பார்த்தால் சரியாகத் தோன்றும். இரண்டு எல்போவுக்கு 10 அடியைச் சேர்த்தால் 39, எல்லை தாண்டிவிட்டது. அதே டிரையரை வெளிச்சுவர் ஓரமாக நகர்த்தினால் 6 அடி ஏற்றம், ஒரு எல்போ, 4 அடி ஓட்டம். மொத்தம் 15-க்குள் முடிந்துவிடும். கேஸ் குழாயைக் கொஞ்சம் நீட்டுவது செலவுதான். ஆனாலும் என் யோசனை, காற்று போகும் வழிக்கு ஏற்றபடி டிரையரின் இடத்தை முடிவு செய்து, கேஸை அங்கே கொண்டுவருவது. பெரும்பாலான வீடுகளில் நேர்மாறாக நடக்கிறது.

குழாய் நீளமானால் என்ன கெட்டுப்போகும்? காற்றின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் பஞ்சு வழியிலேயே படியும். படிந்த பஞ்சு வழியைக் குறுக்க, வேகம் மேலும் குறையும். பர்னருக்கும் அதே விசிறிதான் காற்று கொண்டுவருகிறது என்பதால் சுடருக்கும் காற்று பற்றாது. நீலம் மங்கி மஞ்சளாகும். கார்பன் மோனாக்சைடு அதிகமாவது அப்போதுதான். அதே நேரத்தில் அடைபட்ட குழாய் அந்தப் புகையை இணைப்பு இடுக்குகள் வழியாக அறைக்குள் தள்ளும். ஆக, ஒரே அடைப்பு விஷத்தை உண்டாக்கவும் செய்கிறது, உள்ளே திருப்பியும் விடுகிறது. பெட்டிக்குள் இதற்குக் காவலாகச் சூட்டு ஃப்யூஸ் உண்டு. குழாய் அடைத்து உள்ளே சூடு ஏறினால் அது எரிந்து ஓட்டத்தை நிறுத்தும். அந்த ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்றால் கோளாறு ஃப்யூஸில் இல்லை, குழாயில் இருக்கிறது. கம்பி போட்டு அதைத் தாண்டவைக்கும் பழுதுகாரரை வீட்டுக்குள் விட வேண்டாம்.

தீயின் கணக்கும் இங்கேதான் வருகிறது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான ஆண்டுகளை வைத்துச் செய்த மதிப்பீட்டில், வீடுகளில் ஆண்டுக்கு 2,900 டிரையர் தீ விபத்துகள். முதல் காரணம், மூன்றில் ஒரு பங்குக்கு, சுத்தம் செய்யாமல் விட்டது. எலெக்ட்ரிக், கேஸ் இரண்டும் சேர்ந்த கணக்கு இது.

குழாய்த் துண்டுகளை இணைக்கும் விதத்தில் ஒரு சிறு விஷயம். ஒரு துண்டின் ஒடுங்கிய முனை அடுத்ததற்குள் நுழையும். நுழையும் முனை காற்று போகும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் விளிம்பு காற்றுக்கு எதிரே நின்று பஞ்சைப் பிடிக்கும். திருகாணி போட்டு இறுக்குவதும் அப்படித்தான். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணி முனையில் முதலில் ஒரு நூலிழை மாட்டும், அதில் இன்னொன்று, கொஞ்ச நாளில் கட்டைவிரல் பருமனுக்குச் சாம்பல் நிறப் பொதி தொங்கும். பழைய குழாயைக் கழற்றினால் திருகாணி இருந்த இடங்களில் எல்லாம் வரிசையாக இதைப் பார்க்கலாம். இணைப்புகளைச் சூடு தாங்கும் அலுமினியத் தாள் டேப்பால் சுற்றுவது நல்லது. ‘டக்ட் டேப்’ என்ற பெயரில் விற்கும் துணி டேப் பெயருக்கு ஏற்றபடி உழைக்காது. சூட்டில் பசை காய்ந்து உரிந்துவிடும்.

வெளிச்சுவரில் முடியும் இடத்தில் காற்று வந்தால் திறந்து, நின்றால் மூடும் மடல் இருக்க வேண்டும். பூச்சி, பறவை வராமலிருக்கக் கம்பிவலை அடிக்கத் தோன்றும். அடிக்கக்கூடாது, சில மாதங்களில் பஞ்சு அந்த வலையைப் போர்வையாக மூடிவிடும். அந்த வாய் சன்னலிலிருந்தும் வேறு திறப்புகளிலிருந்தும் குறைந்தது 3 அடி தள்ளி இருக்க வேண்டும். கனடாவில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: பெரிய பனிப்பொழிவுக்குப் பிறகு, துணி போடுமுன் வெளியே போய் மடலுக்கு முன்னால் பனி குவிந்திருக்கிறதா என்று பார்த்துத் தள்ளிவிட வேண்டும்.

எல்லாம் ஒழுங்காகப் பொருத்திய பிறகு கெடுக்கும் கடைசிச் செயல் ஒன்று உண்டு: டிரையரைச் சுவரோடு ஒட்டத் தள்ளுவது. இடம் மிச்சப்படுத்த முட்டுக்கொடுத்துத் தள்ளும்போது பின்னால் உள்ள வளையும் குழாய் சப்பையாகிவிடும். முன்னால் நிற்பவருக்குத் தெரியாது. கை நுழையும் அளவு இடைவெளி விட்டு, டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்து, குழாய் வட்டமாகவே இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். இடம் குறைவென்றால் தட்டையான உலோக இணைப்பு கிடைக்கிறது, அதைப் போடலாம்.

மறுபடி அந்த ஏழு அறைக் காற்றுக்கு வருவோம். வெளியே போன காற்றுக்கு ஈடாக வேறு காற்று உள்ளே வந்தாக வேண்டும். டிரையரைக் கதவுள்ள சின்ன அலமாரி அறையில் வைத்துச் சாத்திவிட்டால் வர வழியில்லை. அமெரிக்க விதிநூல் அப்படிப்பட்ட அறைக்குக் குறைந்தது 100 சதுர அங்குலத் திறப்பு கேட்கிறது. காற்று நுழையும்படி சாய்வான இடுக்குகள் விட்ட கதவு வைத்தால் சரியாகிவிடும். பேஸ்மென்ட்டில் விஷயம் இன்னும் கவனமானது. அங்கே டிரையருக்குப் பக்கத்திலேயே பழைய மாதிரி வாட்டர் ஹீட்டர் நிற்கும். அதன் புகை விசிறியில்லாமல், சூட்டால் தானாக மேலே ஏறுகிறது. சாத்திய அறையில் டிரையர் காற்றை உறிஞ்சும்போது, வேறு வழியில்லாமல் காற்று அந்தப் புகைபோக்கி வழியாகவே கீழே இறங்கும். ஹீட்டரின் புகையையும் கூட்டிக்கொண்டு வரும். டிரையரில் ஒரு குறையும் இருக்காது, பக்கத்து ஹீட்டர் விஷத்தைக் கக்கும். கனடாவின் ஸ்கார்பரோ, பிராம்டன் பகுதிகளில் பேஸ்மென்ட்டை வாடகைக்கு விடுபவர்களும் அங்கே குடியிருப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அந்த இயந்திரங்களுக்கு ஒரு சுவர் தள்ளித்தான் ஒரு குடும்பம் படுத்துத் தூங்குகிறது.

கேஸ் வரும் பக்கத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம்; அதில் எல்லோரும் தாமாகவே கவனமாக இருப்பார்கள். டிரையர் இருக்கும் அறையிலேயே, கை எட்டும் இடத்தில், அதற்கென்று தனி வால்வு வேண்டும். கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. வால்விலிருந்து பெட்டிக்கு வரும் நெளிந்த ஸ்டீல் குழாய் புதிதாக இருக்க வேண்டும். பழைய டிரையரிலிருந்து கழற்றியதை மறுபடி மாட்டக்கூடாது. ஒருமுறை வளைந்து பழகிய உலோகம் இரண்டாம் வளைவில் வெடிக்கலாம். அந்தக் குழாய் சுவரையோ தரையையோ துளைத்துப் போகவும் கூடாது. மரையுள்ள இணைப்புக்குக் கேஸுக்கென்று உள்ள பசையோ மஞ்சள் டேப்போ தேவை. நெளிகுழாயின் முனையில் உலோகம் உலோகத்தின்மேல் சாய்வாக உட்காரும் இணைப்புக்கு எதுவும் தடவக்கூடாது. அதிலும் சேர்த்துப் பசை பூசுவது பலரும் செய்யும் பிழை. நல்லது என்று நினைத்துச் செய்வது, அது உட்கார்வதையே கெடுத்துவிடும்.

முடித்ததும் சோப்புநீர்ச் சோதனை. பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, வால்வைத் திறந்து, ஒவ்வொரு இணைப்பின்மேலும் சிறு தூரிகையால் தாராளமாகத் தடவ வேண்டும். தடவிவிட்டு உடனே நகராமல் ஒரு நிமிடமாவது உற்றுப் பார்க்க வேண்டும். பெரிய கசிவு உடனே நுரைக்கும். சின்னக் கசிவு கடுகளவு குமிழிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மெல்ல அடுக்கும். தீக்குச்சியோடு யாரும் பக்கத்தில் வரக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நகருக்கு வெளியே, தெருக் குழாய் இல்லாத வீடுகளில் முற்றத்துத் தொட்டியிலிருந்து புரொப்பேன் வரும். டிரையர்கள் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவுக்கு என்று அமைத்தே கடைக்கு வருகின்றன. புரொப்பேனுக்குப் பர்னரின் துளைத் திருகை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் சுடர் பெரிதாகி, கரி படிய எரியும். இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது, கசிந்தால் மேலே ஏறும். புரொப்பேன் கனமானது, நம் ஊர் சிலிண்டர் கேஸைப் போலவே தரையோடு தவழ்ந்து பேஸ்மென்ட்டில் தேங்கும்.

இவ்வளவும் நாமே செய்வதற்காகச் சொல்லவில்லை. ஒன்டாரியோவில் கேஸ் இணைப்பு வேலையை டி.எஸ்.எஸ்.ஏ என்ற தொழில்நுட்பப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவுபெற்றவர்தான் செய்யலாம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பல ஊர்களில் முன்அனுமதியும் ஆய்வும் உண்டு. ஆனால் உரிமம் பெற்றவர் கேஸை இணைத்துச் சோதித்துவிட்டு, குழாய் தன் வேலையில்லை என்று போய்விடுவதும், கொண்டுவந்து இறக்கும் ஆட்கள் குழாயைக் கிடைத்தபடி செருகிவிட்டுப் போவதும் நடக்கிறது. அதனால் பணம் கொடுக்குமுன் ஒரு வேலை செய்யலாம்: டிரையரை ஓடவிட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு வெளியே போய், மடல் முழுவதும் திறந்திருக்கிறதா, கையை நீட்டினால் காற்று பலமாகத் தள்ளுகிறதா என்று பார்ப்பது. மெல்ல ஊதினால் வழியில் ஏதோ நசுங்கியிருக்கிறது. எந்த வழியில் போனாலும் 35 அடிக்குள் அடங்காத வீடு என்றால் கேஸ் டிரையரை விட்டுவிட்டு, வெளிக்குழாயே தேவைப்படாத ஹீட் பம்ப் டிரையரை வாங்குவதே மேல். துணி காய நேரம் கூடும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பராமரிப்பில் நமக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பஞ்சு வடிகட்டியைத் துடைப்பதும், ஆண்டுக்கு ஒருமுறையாவது குழாயைக் கழற்றித் தூரிகை விட்டுச் சுத்தம் செய்வதும் எல்லோருக்கும் பொது. எண்ணெய்த் துண்டு நம்முடையது. தீபாவளிக்கும் சனிக்கிழமைக்கும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துத் துவட்டிய துண்டைத் துவைத்தாலும் எண்ணெய் முழுதும் போவதில்லை. மிச்சமிருக்கும் எண்ணெய் டிரையர் சூட்டில் காற்றோடு வினைபுரிந்து தானாகவே மேலும் சூடேறும். சூடு தணியாமல் குவித்துவைத்த துணி, ஓட்டம் நின்று வெகுநேரம் கழித்துக்கூடப் பற்றிக்கொள்ளலாம். டிரையர் கையேடுகளில் சமையல் எண்ணெய் பட்ட துணி வேண்டாம் என்று எழுதியிருப்பது இதற்காகத்தான். அந்தத் துண்டுகளைத் தனியாக எடுத்து, குளியலறைக் கம்பியில் விரித்துக் காயவைக்கலாம்.

கடைசியாக அலாரம். ஒன்டாரியோவின் உட்ஸ்டாக் நகரில் 2008 டிசம்பரில், லாரி ஹாக்கின்ஸ் என்ற போலீஸ் அதிகாரியும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் கார்பன் மோனாக்சைடால் இறந்தார்கள். கேஸ் கணப்படுப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. வீட்டில் அலாரம் இல்லை. தீயணைப்பு வீரரான உறவினர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் அலைந்து திரிந்து வாதாடியதன் பயனாக, 2013-இல் அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே சட்டம் வந்தது. இன்று ஒன்டாரியோவில் எரிபொருள் சாதனமுள்ள வீடுகளில் படுக்குமிடத்துக்கு அருகேயும் ஒவ்வொரு மாடியிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். சட்டம் அவ்வளவு கேட்காத ஊர்களிலும் மாடிக்கு ஒன்றாக வைப்பது நல்லது. புகை அலாரம் இதைக் கண்டுபிடிக்காது. இது வேறு கருவி. காற்றின் பத்து லட்சம் பங்கில் 400 பங்கு இந்த விஷம் இருந்தால் கால் மணிக்குள் அலறும். 70 பங்கு என்றால் ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள். அதன் முதுகில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். 7 முதல் 10 ஆண்டுக்குள் மாற்றிவிட வேண்டும்.

அது அலறினால் சன்னலைத் திறந்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே நிற்க வேண்டாம். பேட்டரியைக் கழற்றவும் வேண்டாம். பேஸ்மென்ட்டில் இருப்பவர்கள் உட்பட எல்லோரும் வெளியேறி, பனியில் நின்றாலும் வெளியே நின்றுகொண்டே 911-ஐ அழைக்க வேண்டும். முட்டை வாடை வந்தாலும் அதே வழிதான், கூடவே விளக்குச் சுவிட்சைத் தொடாமல். தீயணைப்புத் துறையினர் அளவுமானியோடு வந்து, ஒவ்வொரு அறையாக அளந்து, போகலாம் என்று சொன்ன பிறகே உள்ளே போவது. டிரையரை அதற்குப் பிறகும் ஓட்டக்கூடாது, உரிமம் பெற்றவர் வந்து குழாய் முழுவதையும் திறந்து பார்க்கும் வரை.